அணை கட்டும் போர்த்தலைவர்கள்

கோயெய் நிறுவனம் 1983-இல் ஜப்பானியக் கணினிகளுக்காக வெளியிட்டு, பின்னர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கும் கொண்டுவந்த ‘நோபுனாகாஸ் ஆம்பிஷன்’ விளையாட்டை நான் இன்றும் பெருவிருப்புடன் ஆடுகிறேன். பல குறுநாடுகளாகப் பிரிந்திருந்த பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில், ஓவாரி நாட்டின் போர்த்தலைவர் ஓடா நோபுனாகாவாகவோ, ‘காய்’ நாட்டின் போர்த்தலைவர் டக்கேடா ஷிங்கெனாகவோ பொறுப்பேற்று, அந்த எல்லா நாடுகளையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவருவதே இதன் இலக்கு.

ஒவ்வொரு சுற்றும் ஒரு பருவம். ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு கட்டளைதான் இடமுண்டு. வீரர்களைச் சேர்ப்பதா, நிலத்தைத் திருத்துவதா, வெள்ளம் வருமுன் அணையை உயர்த்துவதா என்று தீர்மானிக்கும் அந்தக் கணமே இவ்விளையாட்டின் உயிர் என்பேன். வரியை அளவுக்கு மீறி உயர்த்தினால் குடிகள் கிளர்ந்தெழுவார்கள். அரிசி தீர்ந்தால் பெரும்படையும் பயனற்றுப்போகும். அறுகோணக் கட்டங்களில் நடக்கும் போர்க்களம் எளிமையானது. எனக்கு அது இரண்டாம்பட்சமே.

அணைக் கட்டளை வெறும் கற்பனை அன்று. வெள்ளத்தால் துன்புற்ற, காய் நாட்டிலுள்ள கோஃபு சமவெளியைக் காக்க ஷிங்கென் உண்மையிலேயே கரைகள் எழுப்பினார். ‘ஷிங்கென் கரை’ என்று அவர் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. (அந்தச் செய்தியை அறிந்தபின் காய் நாட்டையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன்.) கடற்கரையற்ற அந்த மலைநாட்டில், முதல் சில ஆண்டுகளை அணைக்கும் வயலுக்கும் செலவிட்ட பிறகே படையெடுப்பைத் தொடங்குவது என் வழக்கம்.