63-ஆம் செக்டாரும் மூன்று வார மழையும்

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டும் வேலையை நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒருவழியாக முடித்தேன். பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து டெஸ்க்டாப் வர 19 விநாடி. பழைய ஹார்டு டிஸ்க்கில் இதே கோர் 2 டுவோ மிஷின் இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. நாலு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன், அதே 19.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, "குளோன் பண்ணியே குடுத்தர்றேன் தம்பி, ஒரு மணி நேரம் உட்காருங்க" என்றார் கடைக்காரர். கடைசி பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு மலையேறி, வந்ததும் மாட்டினேன். பூட் ஆனது. ஆனால் பெரிய ஃபைல்களை எழுதும்போது நடுநடுவே திக்கி நின்றது. புது எஸ்எஸ்டி திக்கலாமா?

இரண்டு நாள் எங்கெங்கோ தேடிவிட்டு டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் எஃப்டிஸ்க்கில் பார்த்தேன். முதல் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) தொடங்கும் இடம்: 63-ஆம் செக்டார் (512 பைட் கொண்ட சிறு கட்டம்).

இந்த 63 விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மிச்சம். அப்போது ஒரு டிராக்குக்கு (தட்டின் ஒரு வட்டத்துக்கு) 63 செக்டார் என்று கணக்கு வைத்து, முதல் டிராக்கை விட்டு அடுத்ததில் பார்ட்டிஷனைத் தொடங்குவார்கள். என் ஹார்டு டிஸ்க்கை அப்போது பிரித்ததுதான். பிறகு அதே பார்ட்டிஷன் மேலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். குளோன் செய்ததும் அந்த 63-உம் அப்படியே எஸ்எஸ்டிக்கு வந்துவிட்டது. 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256 பைட். அதை 4,096-ஆல் வகுத்தால் 7.875. ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கேபி துண்டும் எஸ்எஸ்டியின் பக்க எல்லையில் சரியாக உட்காராமல் இரண்டு பக்கத்தில் கால் வைத்து நிற்கும். ஒன்றை எழுத இரண்டைத் தொட வேண்டும். வேகமும் போகும், ஆயுளும் தேயும். 2048-ஆம் செக்டாரில் தொடங்கினால் சரியாக 1 எம்ஐபி (1,024 கேபி), எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஜிபார்ட்டட் என்ற மென்பொருளில் பார்ட்டிஷனை நகர்த்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாக மழை, அன்றைக்கே இரண்டு முறை கரண்ட் போனது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்றால், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான். எங்கே மரம் விழுந்து எந்த லைன் அறும் என்று சொல்ல முடியாது. என் யுபிஎஸ் 15 நிமிடம் தாங்கும். நகர்த்தும்போது பாதியில் நின்றால் மொத்த டேட்டாவும் போச்சு. அதனால் குளோனை அழித்துவிட்டு, 2048-இல் இருந்து புதிய பார்ட்டிஷன் போட்டு, பழைய டிஸ்க்கில் இருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் நகல் எடுத்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். கரண்ட் போனால் மிஷினை ஒழுங்காக நிறுத்திவிட்டு, வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பெரிய 'ஹெச்' ஆப்ஷன் முக்கியம், இல்லாவிட்டால் ஹார்டு லிங்க்குகள் (ஒரே ஃபைலுக்கான வேறு பெயர்கள்) தனித்தனி ஃபைலாகி இடத்தை அடைக்கும். எஸ்எஸ்டி தன் உள்வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று கடைசியில் 20 ஜிபியை எந்தப் பார்ட்டிஷனிலும் சேர்க்காமல் காலியாக விட்டிருக்கிறேன்.

பூட் செய்யும் புரோகிராமான கிரப் போட்டேன், பூட் ஆனது, ஆனால் ஒன்றரை நிமிடம் சும்மா நின்றது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், ரூட்டின் (முதன்மைப் பார்ட்டிஷனின்) அடையாள எண்ணான யூயூஐடியை மாற்றியிருந்தேன், ஸ்வாப்பினுடையதை (ராம் போதாதபோது பயன்படும் இடம்) மாற்றாமல் விட்டிருந்தேன். இல்லாத ஸ்வாப்புக்காக, சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்திருக்கிறது. அதைத் திருத்தியும் அரை நிமிடம் போலத் தாமதம். பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் 'ரெஸ்யூம்' ஃபைலுக்குள் பழைய ஸ்வாப்பின் எண் ஒளிந்திருந்தது. அதையும் மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்த பிறகுதான் இந்த 19 விநாடி.

அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம்மைக் கையால் ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. முன்பு யுஎஸ்பி கன்வர்ட்டரில் வைத்துச் சோதித்தபோது டிஸ்கார்டு (அதாவது டிரிம்) ஆதரவு இல்லை என்று வந்து பயந்துபோனேன், குறை கன்வர்ட்டரில்தான். வாராந்திர டைமர் திங்கள் நள்ளிரவில் ஓட வேண்டும். மிஷின் அணைந்திருந்தால் அடுத்து ஆன் செய்யும்போது ஓடிவிடும்.

அடுத்து அக்காவின் லேப்டாப். சிறிய பட்டை போன்ற எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட் இருக்கிறது, அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். 2280 அளவு (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்) உட்காரும். அந்த 2 மிமீ திருகு மட்டும் பல சமயம் பெட்டியோடு வருவதில்லை, நாலைந்து வாங்கி வைக்க வேண்டும்.

இந்த மிஷினின் பக்கவாட்டுத் தகட்டை இன்னும் மூடவில்லை. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் வரி, அதாவது சிஆர்சி பிழை (கேபிள் வழியே டேட்டா போகும்போது நேர்ந்த பிழை), 14 காட்டுகிறது. பழைய சாட்டா கேபிள், பூட்டு கிளிப் இல்லாதது, விரல் பட்டாலே ஆடுகிறது. நேற்று கிளிப் உள்ள கேபிளை மாற்றினேன். ஏறிய எண் இனி இறங்காது. பத்து நாள் கழித்தும் 14-இலேயே நின்றால் தகட்டை மாட்டித் திருகுவேன்.