கூந்தன்குளத்துக் கரையில் திறக்காத பக்கம்: என் பறவைத் தளத்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்த அனுபவம்

சென்ற தை மாதத்தில், திருநெல்வேலி மாவட்டத்தின் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக் கரையில் நின்றுகொண்டு, நான் பொழுதுபோக்காக நடத்திவரும் பறவைப் படத் தளத்தில் வரித்தலை வாத்தின் பக்கத்தை என் அக்காள் மகனுக்குக் காட்ட முயன்றேன். கைபேசியில் சிக்னல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வெள்ளைத் திரையை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரில் இருந்த வாத்துக் கூட்டம் எழும்பி மறுகரைக்குப் போய்விட்டது. "வாத்தே இமயமலையத் தாண்டி வந்துட்டு மாமா, ஒங்க பக்கம் இன்னும் வரலியே" என்றான் அவன். வீட்டு இணைப்பில், மடிக்கணினியில், அதே பக்கம் தட்டிய உடனே திறந்துகொள்ளும். நான்கு ஆண்டுகளாக அந்தக் குறை என் கண்ணில் படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அன்றிரவே, பக்கத்தின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும், குரோம் உலாவியோடு வரும் லைட்ஹவுஸ் கருவியில் முகப்புப் பக்கத்தைச் சோதித்தேன். கைபேசிக்கான சோதனையில் அக்கருவி, நொடிக்கு 1.6 மெகாபிட் வேகமும் போய்வர 150 மில்லிநொடி தாமதமும் உள்ள மந்தமான 4ஜி இணைப்பு ஒன்றைக் கற்பனையாக வைத்துக் கணக்கிடுகிறது. 1.6 மெகாபிட் என்பது 200 கிலோபைட். அதாவது பக்கத்தில் நான் சேர்க்கும் ஒவ்வொரு 200 கிலோபைட்டுக்கும் வாசகர் ஒரு நொடியைக் கொடுக்கிறார். இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்த பிறகு மதிப்பெண் பட்டியலை நான் அதிகம் பார்க்கவில்லை. என் முகப்புப் பக்கத்தின் எடை 9.3 மெகாபைட், முழுவதும் வந்து சேர 46 நொடி வேண்டும். திரையில் முதலில் தெரியும் பகுதியில் உள்ள மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ வந்து சேரும் நேரத்தை எல்சிபி என்கிறார்கள். நான்கில் மூன்று வருகைகளிலாவது அது 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எனக்குக் கிடைத்தது 11.2 நொடி. 2018 ஜூலை முதல் கைபேசித் தேடல் வரிசையிலும் வேகத்தைக் கூகுள் கணக்கில் கொள்கிறது என்றாலும், எனக்கு உறுத்தலாக இருந்தது குளத்தங்கரையில் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான்.

முதல் வாரத்தை வீணடித்தேன் என்றே சொல்ல வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய கோப்புகளில் உள்ள வெற்றிடங்களையும் குறிப்புகளையும் நீக்கிச் சுருக்குமாறு எல்லாக் கட்டுரைகளும் சொல்வதால், நானும் அதிலேயே தொடங்கினேன். எல்சிபி 11.2 நொடியிலிருந்து 10.8 நொடிக்கு வந்தது. பட்டியலில் எது கனமானது என்று பார்க்காமல், எது எளிதோ அதைச் செய்ததன் பலன் அது.

கனம் முழுவதும் படங்களில் இருந்தது. கேமராவிலிருந்து வரும் 6000க்கு 4000 புள்ளிப் படத்தை நான் 2400 புள்ளி அகலத்துக்குக் குறைத்துத்தான் ஏற்றிவந்தேன். அதையே பெரிய சிக்கனம் என்றும் எண்ணியிருந்தேன். ஆனால் பெரும்பாலான கைபேசிகளின் திரை உலாவிக்கு 360 அல்லது அதைச் சற்றே ஒட்டிய அலகு அகலம்தான். புள்ளி அடர்த்தி இரண்டு மடங்கு என்று கொண்டாலும் 720 புள்ளி போதும். அகலத்தில் மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் புள்ளிகளை அனுப்பிவிட்டு, அவற்றைக் கைபேசியே சுருக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு படத்தையும் 480, 800, 1200 என்னும் மூன்று அகலங்களில், படக் கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி வடிவத்தில், தரம் நூற்றுக்கு 75 என்று வைத்து மாற்றினேன். திரைக்கு ஏற்றதை உலாவியே தேர்ந்துகொள்ளும்படி மூன்றின் முகவரிகளையும் படக் குறியில் எழுதினேன். சுமார் 600 கிலோபைட்டாக இருந்த முதல் படம் 62 கிலோபைட்டாயிற்று. இறகுகளின் நுண்வரிகள் குழம்பிவிடுமோ என்று அஞ்சி, பாம்புத்தாராவின் கழுத்துப் படத்தை இரு வடிவிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைபேசியில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பெரிய திரையில், தேடிப் பார்த்தால் தெரிகிறது. எல்சிபி 4.6 நொடி.

அந்த உற்சாகத்தில் ஒரு பிழை செய்தேன். திரைக்குக் கீழே உள்ள படங்களை வாசகர் நெருங்கும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங் பண்பை எல்லாப் படங்களுக்கும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டேன். எல்சிபி 5.3 நொடியாக ஏறியது. பக்கத்தின் உச்சியில் உள்ள படத்துக்கும் அந்தப் பண்பு போய் ஒட்டிக்கொண்டதால், அப்படம் திரைக்குள் வருமா என்று உலாவி பக்க அமைப்பைக் கணக்கிட்டு முடிக்கும் வரை அதைக் கேட்கவே இல்லை. முதல் படத்திலிருந்து மட்டும் அதை நீக்கி, முன்னுரிமை தரும் பண்பைச் சேர்த்ததும் 3.9 நொடிக்கு இறங்கியது.

அடுத்தது எழுத்துரு. தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறியொவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். 'கொக்கு' என்னும் சொல்லுக்கே 18 பைட். இருந்தும், அனுப்பும் முன் கோப்புகளைச் சுருக்கும் வசதி சர்வரில் இயங்கினால் கட்டுரையின் எழுத்துகள் சுமையே அல்ல. என் முகப்புப் பக்கத்தின் மொத்த உரையும் 9 கிலோபைட்டில் வந்துவிடுகிறது. அந்த உரையைக் காட்டும் எழுத்துருதான் சுமை. நான் பயன்படுத்திய எழுத்துருவின் சாதாரண வடிவமும் தடித்த வடிவமும் சேர்ந்து 380 கிலோபைட். நான் ஒருபோதும் எழுதாத பல மொழிகளின் எழுத்துகளும் அதில் இருந்தன.

ஃபான்ட்டூல்ஸ் என்னும் பைத்தான் கருவித் தொகுப்பைக் கொண்டு தமிழ் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து, இணையத்துக்கென்று எழுத்துருவைச் சுருக்கிவைக்கும் வோஃப் 2 வடிவத்தில் சேமித்தேன். இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்ற பேராசையில், எழுத்துகள் சேரும் விதிகளைக் கொண்ட அட்டவணைகளையும் நீக்கிவிட்டேன். மறுநாள் தளத்தில் 'குருவி' என்ற தலைப்பைப் பார்த்தால் ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன, ரகரமும் அப்படியே. தமிழில் கு, சு, டு போன்ற உகர வரிசை எழுத்துகள் எழுத்துருவின் உள்ளே தனி உருவங்களாக இருப்பவை. எந்த மெய்யோடு எந்தக் குறி சேர்ந்தால் எந்த உருவத்தைக் காட்டுவது என்பதை அந்த அட்டவணைதான் சொல்கிறது. அட்டவணையைத் திருப்பிச் சேர்த்தேன். எண்களையும் நிறுத்தற்குறிகளையும் சேர்க்க மறந்ததால், ஆண்டுகள் மட்டும் வேறு எழுத்துருவில் தெரிந்தன. மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. தடித்த வடிவத்தை அடியோடு விட்டுவிட்டு, தலைப்புகளைச் சற்றுப் பெரிதாக வைத்துக்கொண்டேன். ஒற்றைக் கோப்பு, 26 கிலோபைட்.

எழுத்துரு வரும் வரை கைபேசியில் உள்ள தமிழ் எழுத்தைக் காட்டுமாறு வைத்ததில் வேறொரு தொல்லை தெரியவந்தது. தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று நிறைய மாறுவதால், எழுத்து மாறும் தருணத்தில் வரிகள் மடங்கும் இடம் மாறி, பத்தி முழுவதும் கீழே குதித்தது. மாற்று எழுத்துருவின் அளவைச் சரிசெய்யும் சிஎஸ்எஸ் வசதியை வைத்து இரண்டையும் ஏறத்தாழ ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்தேன். படங்களுக்கு அகலமும் உயரமும் முன்கூட்டியே எழுதிவிட்டதும் இந்தத் துள்ளல் ஏறக்குறைய நின்றது.

முகப்பில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிய ஸ்லைடரை எடுத்துவிட்டேன்; அதற்காகவே 400 கிலோபைட்டுக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் கேட்டு நான் வைக்கவில்லை, எடுத்ததையும் யாரும் கேட்கவில்லை. எல்சிபி 2.8 நொடி.

மிச்சம் இருந்தது தூரம். என் சர்வர் அமெரிக்காவில் இருந்தது. இங்கிருந்து ஒரு செய்தி போய்த் திரும்ப ஏறத்தாழ கால் நொடி. இணைப்பை ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவிகளை மாற்றிக்கொள்ள ஒரு முறை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு முறை என்று மூன்று முறை போய்வருவதற்குள் முக்கால் நொடி கரைந்துவிடும். படத்தை எவ்வளவு சுருக்கினாலும் இது குறையாது. மும்பையில் உள்ள சர்வருக்கு மாறியதும் ஒரு போக்குவரத்து 40 மில்லிநொடியில் முடிகிறது. எல்சிபி 2.1 நொடி. முகப்பு திறக்கும்போது இறங்கும் எடை இப்போது 120 கிலோபைட் அளவுதான்.

மாசிக் கடைசியில் மருமகனோடு மறுபடி குளத்தங்கரைக்குப் போய், அதே இடத்தில் நின்று திறந்து பார்த்தோம். எழுத்து உடனே வந்தது. படம் மூன்று எண்ணுவதற்குள் வந்தது. ஆனால் பறவைகளின் முழுப் பட்டியல் உள்ள பக்கத்தை அவன் தட்டியபோது மறுபடியும் திணறியது. அதில் 160 சிறுபடங்கள், அத்தனையும் பழைய ஜேபெக் கோப்புகள். அடுத்த இரண்டு ஞாயிறுகள் அதற்குத்தான்.