ஃபெதர்வெயிட் 221: நூல் சிக்கல் தீர்ந்தது, மோட்டார் வேலை பாக்கி

என் பழைய தையல் மெஷினில் ஒன்பது துணிச் சதுரங்கள் சேர்த்த வரிசை ஒன்று முழுசாக ஓடிவிட்டது. நூல் அறவில்லை, துணிக்கு அடியில் கொத்து விழவில்லை. திருப்பிப் பார்த்தால் மேல் தையல் எது, அடித் தையல் எது என்று சொல்ல முடியவில்லை. இதற்குத்தான் இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன். சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மெஷின் சிங்கர் ஃபெதர்வெயிட் 221. குவில்ட்டிங் (ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்) வகுப்புக்கு எடுத்துப்போக என்றே வாங்கியது. நான் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். வகுப்பு நடப்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், லிஃப்ட் கிடையாது. வீட்டில் இருக்கும் பெரிய மெஷினை ஒரு கையிலும், வெட்டும் பாயும் துணி மூட்டையும் மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு படியேறி, தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். 221-இன் உடம்பு அலுமினிய வார்ப்பு. எடை 11 பவுண்டு, அதாவது 5 கிலோ. இடது பக்க மேசைப் பலகையை மடக்கிக் கறுப்புப் பெட்டிக்குள் இறக்கிவிட்டால் டிபன் கேரியர் மாதிரி கையில் தொங்கவிட்டுப் போகலாம். இன்றைய பிளாஸ்டிக் மெஷின்களிலும் எடை குறைந்தவை உண்டு. ஆனால் வேகமாகத் தைத்தால் மேசை மேல் நகர்ந்து போகின்றன. இது நின்ற இடத்தில் நிற்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஜிக்ஜாக் வராதா? பட்டன் துளை?" என்று கேட்டார். வராது அம்மா. முன்னால் போகும், பின்னால் வரும், நேர்த்தையல் மட்டும்தான். ஒட்டுத்துணிகளைச் சேர்க்க வேறென்ன வேண்டும்? நம் ஊர் உஷா மெஷினில் பழகிய கைக்கு இது புதிதும் இல்லை.

221 முதலில் வந்தது 1933-இல். என்னுடையது சீரியல் நம்பர் 'ஏஜே' வரிசை, 1950 வாக்கில் செய்தது. கோடு கோடாக இழைத்த முகத்தகடு. போருக்கு முந்தைய மெஷின்களில் இருக்கும் கொடி வேலைப்பாடு இதில் இல்லை. எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் எலிசபெத் ஊர் ஆலை, 'ஈ' இருந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க். எலிசபெத் இங்கிருந்து காரில் அரை மணி தூரம். அங்கே சிங்கர் ஆலை 1873-இலிருந்து 1982 வரை ஓடியது. பக்கத்து ஊரில் செய்த மெஷின் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஆலை மூடி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அதில் செய்த மெஷின் தைக்கிறதே!

ஒரு எஸ்டேட் சேலில், அதாவது ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடத்தில், 350 டாலருக்கு வாங்கினேன். இந்த மாதிரிப் பழைய மெஷின்களில் வண்ணம் பளபளப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. நான் முதலில் பார்ப்பது பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) இருக்கிறதா என்பதைத்தான். 221-க்கு பாபினும் தனி, கேஸும் தனி. வேறு மெஷினுடையது பொருந்தாது. அசல் கேஸ் தொலைந்திருந்தால் அதற்கே கணிசமாகச் செலவாகும். அப்புறம் வயர். மூன்று ஓட்டைப் பிளக்குக்குப் பக்கத்தில் ரப்பர் வெடித்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோனதும் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், முதலில் வயரை மாற்றுங்கள். சிங்கர் கம்பெனியின் 1951 நூற்றாண்டு பேட்ஜ், நீல விளிம்பு போட்டது, இருந்தால் சிலர் கூடுதலாக நூறு டாலர் கேட்கிறார்கள். தையலில் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த நூறு டாலருக்கு நல்ல நூல் வாங்கலாம்.

பெட்டி வாடையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பழைய பசையும் பூஞ்சையும் சேர்ந்த அந்த நெடி, மெஷினை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் திறந்து வெயிலில் காயவைத்து, உள்ளே கரித்துண்டு போட்டு வைத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். கை சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது. ஊசி புதிது, தட்டைப் பக்கம் இடது பார்த்து, நூல் வலமிருந்து இடமாக. ஆரம்பத்தில் நன்றாகவே தைக்கும். ஒரு சாண் தூரம் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த இடத்தில் ஒரே ஒரு தையல் மட்டும் இறுகிப்போகும். இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி 'டக்'. சில சமயம் நூலே அறும். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனைக் கழற்றி, வட்டுகளுக்கு நடுவே பஞ்சுத்தூசு எடுத்து, திரும்ப மாட்டியும் அதே கதை. நூலை மாற்றினாலும் அதே கதை. டென்ஷன் கோளாறு என்றால் தையல் முழுக்கத் தளர்ந்திருக்கும் அல்லது முழுக்க இறுகியிருக்கும். நடுநடுவே ஒரு தையல் மட்டும் இறுகுகிறது என்றால் நூல் போகும் வழியில் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

பிடித்த இடம் அந்த விரல். பாபின் கேஸ் உட்காரும் வளையத்தின் உச்சியில் ஒரு சின்ன உலோக விரல் நீட்டிக்கொண்டிருக்கும். ஊசித் தகட்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். விரல் அந்த வெட்டுக்குள் நிற்பதால்தான், மேல்நூலைப் பிடித்துச் சுற்றும் கொக்கியோடு சேர்ந்து வளையமும் சுழன்றுவிடாமல் இருக்கிறது. ஆனால் இறுக்கிப் பிடித்தும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் பாபின் கேஸை ஒரு சுற்றுச் சுற்றி, விரலுக்கும் வெட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக நழுவித்தான் மேலே போயாக வேண்டும். அந்த இடுக்கில் பிசிறு இருந்தால் நூல் ஒரு கணம் மாட்டி, மேலே ஏறி இறங்கும் டேக்-அப் லீவர் நூலை இழுக்கும்போது வெடுக்கென்று விடுபடும். அதுதான் அந்த 'டக்'.

தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரலின் இடது ஓரத்தில் ஒரு பள்ளமும், பக்கத்திலேயே மேலெழும்பிய ஒரு முள்ளும். எனக்கு முன்னால் யாரோ விரல் வெட்டுக்குள் உட்காராமலேயே தகட்டை வைத்து, திருகைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். தகட்டின் அடியிலும் அதற்குப் பொருத்தமான வடு. எழுபது வருஷம் தாங்கிய மெஷினை இப்படி முரட்டுத்தனமாக நடத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தகட்டை வைக்கும்போது திருகுக்கு முன்னால் கை சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரம் தொடவே கூடாது. அரம் வைத்தால் இடுக்கு அகலமாகிவிடும், விரல் ஆடும், சத்தம் கூடும். 1500 நம்பர் உப்புத்தாளை மெல்லிய ரிப்பனாக வெட்டி, ஒரு துளி மெஷின் எண்ணெய் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது துணியை இழுப்பதுபோல நூல் நழுவும் திசையிலேயே இழுத்தேன். அப்புறம் 2000. கடைசியாக, எண்ணெயும் பாலிஷ் பசையும் தடவிய பருத்தி நூல்கயிறு. நடுநடுவே ஒரு பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டை அந்த ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூட நைலான் பிடித்துக் காட்டிவிடும். ஒரு இழைகூட மாட்டாத வரைக்கும் விடவில்லை. தகட்டின் அடி வெட்டுக்கும் இதே வைத்தியம். வேலை முடிந்ததும் தூளெல்லாம் போகும்படி துடைத்து, கொக்கி ஓடும் பாதையில் ஒரே ஒரு துளி எண்ணெய்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தகட்டை மாட்டி, இடது பலகையைத் தூக்கி, டார்ச் அடித்தால் பாபின் கேஸ் நேராகத் தெரியும். கரும்பச்சை மாதிரி அடர்நிற நூல் கோத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாக மிக மெதுவாகச் சுற்றினால், நூல் கண்ணி கேஸைச் சுற்றி வந்து விரலைத் தாண்டும் கணம் தெரியும். முன்பு அங்கே நூல் விறைத்து நின்றது. இப்போது நின்ற மாதிரியே தெரியாமல் வழுக்கிப் போகிறது.

பாலிஷ் என்றதும் இன்னொன்று. மெஷினின் கறுப்பு வண்ணத்துக்கு மேல் இருப்பது அரக்குப் பூச்சு. ஆல்கஹால் பட்டால் அது கரைந்து, தங்கப் பூவேலையும் சேர்ந்து போய்விடும். கை சுத்தம் செய்யும் ஜெல் பட்ட கையோடுகூடத் தொடாதீர்கள். நான் தையல் மெஷின் எண்ணெயை மென்மையான துணியில் தொட்டுத்தான் துடைக்கிறேன். பழைய அரக்கைச் சுரண்டிவிட்டு இளஞ்சிவப்பு, வான்நீலம் என்று காருக்கு அடிக்கும் பெயின்ட் அடித்து ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். அது அவரவர் விருப்பம். எனக்குத் தேய்ந்த கறுப்பே போதும். பூவேலை மங்கியிருக்கும் இடம், முன்பு இதில் தைத்தவரின் கை உரசிய இடம்.

இதே காரணத்தால், துணி ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளித் தைக்க அடையாளமாக மெஷின் மேல் டேப் ஒட்டவில்லை; உரிக்கும்போது தங்கமும் கூடவே வரும். பழைய தகட்டில் அளவுக்கோடும் கிடையாது. மெஷினின் தளத்தில் இருக்கும் திருகுத் துளையில் மாட்டும் அசல் வழிகாட்டி ஒன்று தனியாக வாங்கினேன். சின்ன உலோகத் துண்டுதான், ஆனால் குவில்ட்டிங்கில் கால் இன்ச் தப்பினால் எல்லாமே தப்பும். ஒவ்வொரு தையலிலும் 1/16 இன்ச் அதிகமாகப் பிடித்தால் துணி இரண்டு பக்கமும் அவ்வளவு உள்ளே போகிறது. ஒன்பது சதுரத்துக்கு எட்டுத் தையல். வரிசை முழுசாக ஒரு இன்ச் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு மூலை எப்படிச் சேரும்?

நூல் விஷயத்தில் ஆரிஃபில் 50 தான் என் தேர்வு. மெல்லிய பருத்தி, தையல் மடிப்பு தடிக்காது. விலை அதிகம், ஆனால் பஞ்சு குறைவாகக் கொட்டுகிறது. பாபின்களைப் பொறுத்தவரை மலிவான பாக்கெட்டில் வருபவை சில விளிம்பு கோணி, கேஸுக்குள் தடவுகின்றன. வாங்கினதும் ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

மோட்டார் இன்னும் பாக்கி. 221-இன் மோட்டாரில் கிரீஸ் விட இரண்டு துளைகள் உண்டு. அங்கே எண்ணெய் விட்டால் அது வழிந்து உள்ளே சுருளை நனைத்துக் கெடுக்கும். மோட்டாருக்கென்று வரும், சூட்டில் இளகும் கிரீஸ்தான் போக வேண்டும். டியூப் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. கூடவே புது பெல்ட்டும், அடித்தட்டுக்குப் புதுக் கம்பளித் துணியும், எல்ஈடி பல்பும் ஆர்டர் செய்திருக்கிறேன். அசல் 15 வாட் பல்பு ஊசிக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. நூல் கோக்கும்போது விரல் சுடுகிறது.

கிரீஸ் வரும்வரை கை சும்மா இருக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழைய சுங்குடிப் புடவைகள் மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்து மெலிந்துவிட்ட துணி, ரோட்டரி கட்டரை (உருட்டி வெட்டும் சக்கரக் கத்தியை) வைத்தால் இழுபடுகிறது. கடையில் விற்கும் கஞ்சி ஸ்பிரேயை விட, சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து நனைத்துக் காயவைத்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டதில் துணி காகிதம் மாதிரி நிற்கிறது. அரக்குச் சிவப்புப் புடவை மட்டும் சாயம் விடுகிறதா என்று வெந்நீரில் வெள்ளைத் துணியோடு ஊறப்போட்டிருக்கிறேன். விடவில்லை என்றால் அதுதான் நடுச்சதுரம்.

நடுவே பஞ்சு வைத்து மொத்தமாகத் தைக்கும் வேலைக்கு 221 வேண்டாம். கை போகும் இடம் ஐந்து இன்ச் சொச்சம்தான். முழுப் போர்வையைச் சுருட்டி உள்ளே தள்ள முடியாது. துணியை நகர்த்தும் பல்லை இறக்கவும் வழியில்லை. துண்டுகளைச் சேர்ப்பதெல்லாம் இதில், மிச்சம் வீட்டு மெஷினில் அல்லது கையால். அடுத்த வகுப்புக்கு இரண்டரை இன்ச் சதுரங்கள் வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கிரீஸ் டியூப் அதற்குள் வந்துவிட்டால் மெஷினையும் தூக்கிக்கொண்டு போவேன்.