உழவுக்கும் வழிபாட்டுக்கும் ஒரே வினைச்சொல்

பழைய ஆங்கிலத்தில், அதாவது நார்மானியர் வருகைக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய மொழியில், உள்ள உரைகளுக்குப் பதவுரை எழுத உட்கார்ந்தால், அரிய சொற்களால் பெரிய தொல்லை இல்லை. அகராதியைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். நேரத்தைத் தின்பவை ‘செய்தல்’ என்ற பொருளில் வந்துபோகும் எளிய சொற்கள்தான். கடமையைச் செய்வது, பூசை நடத்துவது, கூத்துக் காட்டுவது எல்லாவற்றுக்கும் இன்றைய ஆங்கிலத்தில் ‘பெர்ஃபார்ம்’ போதும். அது பிரெஞ்சு வழியாகப் பிற்பாடு வந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்தைய ஏடுகளில் அதன் வேலையைப் பல வினைகள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

‘பெகான்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். மடத்துச் சிறுவர்களுக்கு லத்தீன் பேசக் கற்றுத்தர எல்ஃப்ரிக் என்ற துறவி எழுதிய உரையாடலில், ஆசிரியர் உழவனைக் கேட்கிறார்: “ஹூ பெகேஸ்ட் தூ வெயோர்க் தீன்?” உன் வேலையை எப்படிச் செய்கிறாய்? விடியும்போதே மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறேன், எவ்வளவு கடுங்குளிர் ஆனாலும் வீட்டில் பதுங்க முடியாது, நாளுக்கு ஒரு முழு ஏக்கரோ அதற்கு மேலோ உழுதாக வேண்டும் என்கிறான் அவன். இதே வினை வேறோர் இடத்தில் தெய்வத்தை வழிபடுவதைக் குறிக்கும், இன்னோர் இடத்தில் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வதை. அதிலிருந்து வந்த ‘பிகெங்கா’ பயிரிடுபவனும் ஆவான், வழிபடுபவனும் ஆவான். அதனால் வினையை விட்டுவிட்டு முதலில் செயப்படுபொருளைப் பார்க்க வேண்டும். நிலமா, தெய்வமா, தொழிலா என்று தெரிந்தபின்தான் பொருள் எழுதலாம். ‘ஃப்ரெம்மன்’ இன்னும் மோசம். நல்லது கெட்டது பார்க்காது. பேயோவுல்ஃப் காவியத்தின் மூன்றாம் அடியில் அரசகுமாரர்கள் வீரச்செயல் புரிவதும் அந்த வினையால்தான், கனூட் அரசனின் சட்டத்தில் ஒருவன் கொலை செய்வதும் அதே வினையால்தான்.

அந்த உரையாடலில் எல்ஃப்ரிக் எழுதியது லத்தீன் மட்டுமே. வரிகளுக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலம் வேறொருவர் சேர்த்த பதவுரை. பிரிட்டிஷ் நூலகத்தில் காட்டன் டைபீரியஸ் ஏ.3 என்ற சுவடியில் அது இருக்கிறது. ‘பெகேஸ்ட்’ உட்கார்ந்திருப்பது ‘எக்ஸர்செஸ்’ என்ற லத்தீன் சொல்லின் தலையில். அதாவது சொல்லுக்குச் சொல் வைத்தது. ஆங்கிலத்தில் இயல்பாக அப்படிப் பேசினார்களா என்பதற்கு அது அரைச் சாட்சிதான். பதவுரையில் மட்டும் கிடைக்கும் பொருளை, தொடர் உரைநடையில் கிடைக்கும் பொருளுக்குச் சமமாக எண்ணிவிடக் கூடாது. புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இது.

அதே சுவடியில், 970-களில் வின்செஸ்டர் ஆயர் எதெல்வோல்டின் தலைமையில் உருவான மடத்து ஒழுங்குவிதியும் வரியிடை ஆங்கிலத்தோடு இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு வைகறை வழிபாட்டுக்கு அது தரும் குறிப்பு துல்லியமானது. மூன்றாம் வாசகம் படிக்கப்படும்போது ஒரு துறவி வெள்ளை அங்கியில், யாரும் கவனிக்காதபடி இயேசுவின் கல்லறையாகக் குறிக்கப்பட்ட இடத்துக்குப் போய்க் கையில் குருத்தோலையோடு அமர வேண்டும். பிறகு மூவர் தூபக்கலசம் ஏந்தி, எதையோ தேடுகிறவர்கள்போல் அடிமேல் அடிவைத்து வர வேண்டும். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று அமர்ந்திருப்பவர் பாடுவார். இங்கிலாந்தின் முதல் நாடகம் என்று இதைச் சொல்வார்கள். பதவுரையில் ‘நாடகம்’ என்று போடுவது தவறு என்பது என் கட்சி. எழுதியவர்களுக்கு அது வழிபாட்டு முறை, அவ்வளவுதான்.

கேளிக்கைக்குத் தனிச்சொற்கள் இருந்தன. குருமார் அந்தப் பக்கம் போகக் கூடாது என்ற கண்டிப்பும் இருந்தது. எட்கர் அரசனின் பெயரில் வழங்கும் திருச்சபை விதிகள், எந்தக் குருவும் ‘எயலுஷோப்’ ஆக, அதாவது சாராயக்கடைப் புலவனாக, இருக்கலாகாது என்கின்றன. பிறர் முன்னோ தனக்குத்தானோ ‘க்ளீவியன்’ செய்யவும் கூடாதாம். பாடுவது, வாசிப்பது, கோமாளித்தனம் எல்லாம் அந்த வினைக்குள் அடங்கும். ஒன்றை மட்டும் தேர்ந்து எழுதினால் விதி சுருங்கிவிடும். ‘கூத்தடிப்பது’ ஓரளவு பொருந்தும்.

வழிபாட்டு நேரங்களில் வேறு வகைப் பிழை நேரும். எல்ஃப்ரிக் ஏழு ‘சாங்’குகளை, அதாவது நாளின் ஏழு வேளைப் பாட்டு வழிபாடுகளை, குருமாருக்கு விதிக்கிறார். அவற்றில் ‘நோன்சாங்’ நண்பகல் பாட்டு என்று தோன்றும். அப்போது நோன் என்பது பகலின் ஒன்பதாம் மணி, ஏறக்குறைய பிற்பகல் மூன்று. நண்பகலுக்கு ‘மித்தேய்சாங்’ தனியாக இருக்கிறது.

அகராதி பார்ப்பதிலும் ஒரு நடைமுறை உண்டு. போஸ்வர்த்–டோலர் என்ற பழைய ஆங்கில அகராதியின் 1898 தொகுதியில் ஏ முதல் ஜி வரையிலான பகுதி பலவீனமானது. டோலரின் 1921 பின்னிணைப்புதான் அதைச் சீர்செய்கிறது. பெகான், ஃப்ரெம்மன், க்ளீவியன் மூன்றும் அந்தப் பகுதியில்தான் வருகின்றன, ஆகவே இரண்டையும் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘யெ’ முன்னொட்டுள்ள சொற்களை அங்கே ஜி-யில் தேட வேண்டும். கிளார்க் ஹாலின் பழைய ஆங்கில அகராதியில் முன்னொட்டை விட்டுவிட்டு அடுத்த எழுத்தில் தேட வேண்டும்.

‘தேனுங்’ என்ற சொல்லுக்கு இன்னும் பொறுமை தேவை. ஆல்ஃபிரட் அரசன், போப் கிரெகரியின் நூலை மொழிபெயர்த்து அதற்கு எழுதிய முன்னுரையில், ஹம்பர் ஆற்றுக்கு இப்பால், அதாவது தெற்கே, தங்கள் ‘தேனுங்’கை ஆங்கிலத்தில் புரிந்துகொள்வோர் மிகச் சிலரே என்று வருந்தும்போது அது வழிபாடு. யோவான் நற்செய்தியின் ஆங்கில வடிவில் அதுவே இயேசுவின் கடைசி இராவுணவு. ஊழியனின் அன்றாடக் கடமையும் அதுவே. டொரொண்டோ பல்கலைக்கழகம் தொகுத்துவரும் புதிய பழைய-ஆங்கில அகராதி அகரவரிசையில் மெல்ல நகர்கிறது. இந்தச் சொல் தொடங்கும் தோர்ன் எழுத்தோ (இன்றைய ஆங்கிலத்தின் ‘th’ ஒலிக்கான பழைய எழுத்து) வரிசையின் கடைப்பகுதியில் நிற்கிறது. அதுவரை டோலர் எழுதிய பத்தியை வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.