தராசை வைத்து மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தேன்

எங்கள் மளிகைக் கடையில் சில்லறையை நான் எண்ணுவது கிடையாது. நிறுத்துப் பார்த்துவிடுவேன். 2011-இல் வந்த வடிவத்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்று 3.79 கிராம். தட்டில் 379 கிராம் காட்டினால் நூறு நாணயம். அதே வரிசையில் வந்த இரண்டு ரூபாய் 4.85 கிராம், அதில் நூறு நாணயத்துக்கு 485 கிராம். வேறு நாணயம் கலந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் முதலில் ரகம் பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் வேதியியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். "மோல்னா 6.022 × 10²³ னு போட்டிருக்குப்பா. இதை யாரு எண்ணினாங்க?" நானும் அந்தப் பாடத்தை ஒரு காலத்தில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன்தான். அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டதே இல்லை. அவள் கேட்டபோது என் கை சில்லறைத் தட்டில் இருந்தது. அங்கிருந்தே தொடங்கினோம்.

ஒரு பையில் 379 கிராம் ஒரு ரூபாய், இன்னொரு பையில் 485 கிராம் இரண்டு ரூபாய். பையைத் திறக்காமலே சொல்லலாம், இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரு நாணயத்தின் எடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு எடைகளுக்கும் உள்ள விகிதம் தெரிந்தால் போதும். அணுக்களிலும் இதேதான். கார்பன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் 12-க்கு 16 என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். அந்த எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர். அது எத்தனை என்று தெரியாமலே அதை வைத்து வேலை செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள்.

அன்றிரவே கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஒவ்வொரு மோல் எடுத்து வைத்தோம். தண்ணீர் 18 கிராம், ஒரு வாய்க்கு மேல் வராது. உப்பு 58.4 கிராம், ஒரு கை நிறைய. சர்க்கரை 342 கிராம், ஒரு பொட்டலம். மூன்றிலும் எண்ணிக்கை ஒன்று என்பதைக் கண்ணால் பார்க்கையில் எனக்கு மனதுக்குள் ஏதோ சரியாக உட்கார்ந்தது. (உப்பில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அங்கே எண்ணுவது சோடியம், குளோரின் ஜோடியை. இதை மகள்தான் எனக்குத் திருத்திச் சொன்னாள்.)

முதல் ஞாயிறு: ஆப்பசோடா

எடுத்து வைப்பது சுலபம். ஒரு பொருளில் எந்த அணு எத்தனை என்று சொல்லும் வேதியியல் வாய்பாடு உண்மைதானா என்று தராசிடம் கேட்க முடியுமா? நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். 200 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன், 3.79 காட்டியது. நம்பிக்கை வந்தது.

ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். ஒரு சோடியம் 23, ஒரு ஹைட்ரஜன் 1, ஒரு கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, மொத்தம் 84. பத்தில் ஒரு மோல் என்றால் 8.40 கிராம். இதைச் சூடாக்கினால் வாயு வெளியேறி வெள்ளைப் பொடி ஒன்று மிஞ்சும். அந்தப் பொடி என்ன? காகிதத்தில் மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் சமன்பாடாகச் சமப்படும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் போனால் சோடியம் ஹைட்ராக்சைடு, 4.00 கிராம் மிஞ்ச வேண்டும். இரண்டு பங்கு சோடாவிலிருந்து ஒரு தண்ணீரும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் போனால் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, 5.30 கிராம். ஒரு தண்ணீரும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் போனால் சோடியம் ஆக்சைடு, 3.10 கிராம். மூன்று பதிலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி இருப்பதால் சாதாரணத் தராசே தீர்ப்புச் சொல்லிவிடும்.

முதல் தடவை மிஞ்சியது 4.71. எந்தப் பதிலோடும் சேரவில்லை. அடுப்பைத் துடைக்கும்போதுதான் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பார்த்தேன். தீயை அதிகம் வைத்ததில் பொடி எகிறி வெளியே விழுந்திருக்கிறது.

இரண்டாம் தடவை எவர்சில்வர் கிண்ணத்தில் பொடியை மெல்லிசாகப் பரப்பி, சிம்மில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் பொடி கொதிக்கத் தொடங்கியது. உருகவில்லை, அது பொடிதான், ஆனால் அடியிலிருந்து கிளம்பும் ஆவியும் வாயுவும் அதைத் தூக்கிப் பிடிப்பதால் பால் பொங்குவதுபோல் குமிழ் குமிழாக அசைகிறது. மேலே ஒரு குளிர்ந்த கரண்டியைப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டுகிறது. உலர்ந்த பொடிக்குள்ளிருந்து வரும் தண்ணீர்! காற்றின் ஈரம் ஒட்டியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெளியேறுவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரே இருக்க வேண்டும் என்கிறது கணக்கு.

பத்து நிமிடம் கழித்து நிறுத்தபோது 6.90. இன்னும் பத்து நிமிடம், 6.02. அப்புறம் 5.41. அப்புறம் 5.36. இன்னொரு முறை சூடாக்கியும் அதே 5.36. எடை மாறாமல் நின்ற பிறகே அளவை நம்பலாம். கிண்ணம் நன்றாக ஆறிய பிறகே தராசில் வைக்க வேண்டும் என்பதும் அன்று கற்றதுதான். சூடாக வைத்தால் மேலெழும் வெந்த காற்று கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து எடையைக் குறைத்துக் காட்டுகிறது, எண் ஒரு நிலையில் நிற்பதே இல்லை.

5.36-க்குப் பக்கத்தில் இருப்பது 5.30 மட்டுமே. சலவை சோடாதான். மகள் நோட்டில் மற்ற இரண்டு சமன்பாடுகளையும் அடித்தாள்.

வெளியேறியது கார்பன் டை ஆக்சைடு என்பதையும் காட்டிவிடலாம் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, அந்தத் தெளிநீரில் ஒரு சொட்டைக் கண்ணாடிக் குச்சி நுனியில் எடுத்துக் கிண்ணத்துக்கு மேல் பிடித்தேன். உடனே பால் நிறமானது, கார்பன் டை ஆக்சைடு பட்டால் சுண்ணாம்புத் தெளிநீர் அப்படித்தான் கலங்கும். சரி என்று எழுதப் போகும்போது மகள், "வெறும் அடுப்புக்கு மேல பிடிச்சுப் பாருப்பா" என்றாள். அதிலும் பால் நிறமானது! கேஸ் எரிந்தாலும் அதே கார்பன் டை ஆக்சைடுதானே வரும். அப்புறம் தங்கை வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்துப் பார்த்தோம். வெறும் கிண்ணத்தின் மேல் சொட்டு தெளிவாகவே இருந்தது. சோடா வைத்ததும் சில நொடியில் கலங்கியது. அந்த ஒரு கேள்வியை நான் இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தராசு மட்டும் வாய்பாட்டைத் தந்துவிடாது. தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். இதை வைத்து "ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று" என்று சொன்னாலும் தப்பில்லை, ஆக்சிஜன் அணுவின் எடையை 8 என்று வைத்துக்கொண்டால். அணுக்கொள்கையைத் தந்த டால்டன் அப்படித்தான் வைத்துக்கொண்டார் (அவர் காலத்து அளவுகளில் அது 7 என்று வந்தது). சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று 1811-இல் அவகாட்ரோ சொன்ன பிறகும், 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டுக்கு இத்தாலிய வேதியியலாளர் கன்னிஸாரோ அந்தக் கருத்தைக் கொண்டுபோகும் வரை குழப்பம் தீரவில்லை. நான் 23, 12, 16 என்று கூட்டிப் போடும் எண்கள் ஐம்பது ஆண்டுச் சண்டையில் கிடைத்தவை.

இரண்டாம் ஞாயிறு: படிகாரம்

கடையில் சவரக்காரர்கள் வாங்கும் அதே படிகாரம். வாய்பாட்டில் ஒரு பொட்டாசியம், ஒரு அலுமினியம், இரண்டு சல்பேட், கூடவே பன்னிரண்டு தண்ணீர். இந்தப் பன்னிரண்டு எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது. கல் மாதிரி இருக்கும் ஒரு பொருளில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீரா?

முதலில் ஒரு சந்தேகம். பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் உள்ள படிகாரமும் உண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிறு துண்டைப் பொடித்து ஈரச் சுண்ணாம்போடு தேய்த்து முகர்ந்தேன். அம்மோனியம் இருந்தால் மூக்கைத் துளைக்கும். ஒன்றும் இல்லை. சரி, பொட்டாசியம் என்று எடுத்துக்கொண்டேன்.

4.74 கிராம், நூறில் ஒரு மோல். சூடானதும் தன் தண்ணீரிலேயே கரைந்து கஞ்சிபோல் ஆகி, கொதித்து, அப்பளம் பொரிவதுபோல் உப்பி, தொட்டால் நொறுங்கும் வெள்ளைப் பஞ்சாக எழுந்து நின்றது. வைத்தியத்துக்குப் படிகாரம் பொரிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அப்போது பறந்தது வெறும் தண்ணீர் என்று தெரியாது. முதல் நிறுப்பில் மிஞ்சியது 2.71. மிஞ்சியதில் தண்ணீரே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பங்கு படிகாரத்துக்கு 10.7 தண்ணீர். பஞ்சை உடைத்துவிட்டு மறுபடி சூடாக்கினேன். 2.60. இப்போது 11.8. அதற்கு மேல் தீயைக் கூட்டவில்லை, அதிகம் சூடானால் சல்பேட்டே சிதையத் தொடங்கும். 11.8 போதும்.

மூன்றாம் ஞாயிறு: யார் எண்ணினார்கள்?

இரண்டு வாரமும் விகிதம்தான் பார்த்தோம். மகளின் கேள்வி அப்படியே நின்றது. அவகாட்ரோ 1856-இல் இறந்தார். அந்த எண் அவருக்குத் தெரியவே தெரியாது. 1865-இல் ஆஸ்திரிய விஞ்ஞானி லோஷ்மிட் காற்றின் மூலக்கூறு எவ்வளவு பெரிது என்று கணித்தார். ஒன்றின் அளவு தெரிந்தால் ஒரு மோலில் எத்தனை அடங்கும் என்று கணக்குப் போடலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் பெரான் அந்த எண்ணைப் பல வழிகளில் அளந்து, 1909-இல் அதற்கு அவகாட்ரோ பெயரை வைத்தார். 2019 மே 20 முதல் அது அளந்து தெரிந்துகொள்ளும் எண்ணே இல்லை, 6.02214076 × 10²³ என்று நிர்ணயித்துவிட்டார்கள்.

வீட்டில் மூலக்கூறின் அளவைப் பார்க்க எண்ணெய்தான் வழி. ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் கல்லூரிக்குப் போகாமல், வீட்டுச் சமையலறையில் நீர்ப்பரப்பின் மேல் எண்ணெய்ப் படலத்தை ஆராய்ந்து ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவரை நினைத்துக்கொண்டுதான் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பினேன்.

தண்ணீர் மேல் முகப் பவுடரை மிக லேசாகத் தூவ வேண்டும். முதலில் தூவியதுமே பவுடர் தானாக ஓரம் ஒதுங்கியது. பாத்திரம் தேய்த்த சோப்பு மிச்சம் இருந்திருக்கிறது. வெந்நீரில் ஐந்தாறு முறை அலசிய பிறகு நின்றது. மெல்லிய கம்பி நுனியில் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை எடுத்து, ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் கோட்டுக்கு நேராகப் பிடித்து லென்ஸில் பார்த்து, அந்த அளவு வரும்வரை துடைத்துத் துடைத்து எடுத்தேன். துளி தண்ணீரைத் தொட்ட நொடியில் பவுடர் எல்லாப் பக்கமும் ஓடி விலகியது. நடுவில் கறுப்பாக, சுத்தமான ஒரு வட்டம். நானும் மகளும் ஒன்றுமே பேசவில்லை.

நான்கு முறை செய்ததில் வட்டத்தின் குறுக்களவு 19 முதல் 22 சென்டிமீட்டர் வரை வந்தது. 20 என்று வைத்துக்கொண்டோம். துளியின் கன அளவு 0.065 கன மில்லிமீட்டர். அதைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு, சுமார் 2.1 நானோமீட்டர். துளியின் குறுக்களவில் பத்து சதவீதம் பிசகினாலும் கன அளவு முப்பது சதவீதம் மாறிவிடும் என்பதால் இதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படலம் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் என்று எடுத்து, மூலக்கூறைக் கனசதுரமாக நினைத்துக்கொண்டோம். எண்ணெய் ஒரு மோல் சுமார் 880 கிராம், அதாவது 957 கன சென்டிமீட்டர். அதற்குள் 2.1 நானோமீட்டர் கனசதுரங்கள் எத்தனை அடங்கும்? 1 × 10²³. நிஜ எண்ணில் ஆறில் ஒரு பங்கு. தாம்பாளமும் முகப் பவுடரும் வைத்து இருபத்து மூன்றாம் அடுக்கைத் தொட்டுவிட்டோம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"மிச்சம் ஆறு மடங்கு எங்கப்பா போச்சு?" என்றாள். பதிலுக்குக் கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். சரியான எண்ணை வைத்து வகுத்தால் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடம் 1.59 கன நானோமீட்டர். உயரம் 2.1 என்றால் அகலம் 0.87 மட்டுமே வருகிறது. அப்படியானால் அது கனசதுரம் இல்லை. எண்ணெய் மூலக்கூறுக்கு மூன்று நீண்ட வால்கள் உண்டு. தலையைத் தண்ணீரில் வைத்து, மூன்று வால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, நெருக்கியடித்து நிற்கிறது. தாம்பாளத்தில் அந்த வட்டம் அப்போதும் கலையாமல் இருந்தது. மகள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.