திருகோணமலைக் கூட்டங்களின் ஒளிப்பதிவு: சபையின் குரலும் கேட்க வேண்டும்

திருகோணமலையில் நடக்கும் நூல் வெளியீடுகளையும் உள்ளூர் வரலாற்று உரைகளையும் ஆசிரியர் கருத்தரங்குகளையும் பதிவு செய்து பாதுகாக்கும் முயற்சியில் சில காலமாக ஈடுபட்டு வருகிறேன். பேச்சாளரின் உரை பெரும்பாலும் பின்னர் கட்டுரையாகவோ நூலாகவோ வந்துவிடும். உரை முடிந்தபின் சபையிலிருந்து எழும் கேள்விகளும், கோணேசர் கோயில் திருவிழாக்களையோ துறைமுகத் தொழிலையோ நேரில் அறிந்த முதியவர் ஒருவர் எழுந்து சொல்லும் திருத்தங்களும் எங்கும் எழுதப்படுவதில்லை. அவையும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதையே கருவிகளைத் தெரிவு செய்வதற்கான அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

கமெராவை முதலில் சோதித்தேன். நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற, லென்ஸ் மாற்றக்கூடிய புகைப்படக் கமெரா தந்த படம் மிக அழகாக இருந்தது. ஆயினும் அவ்வகைக் கமெராக்களில் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோக் கமெராவாகக் கணித்துக் கூடுதல் சுங்க வரி விதித்து வந்ததால் தயாரிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட எல்லை அது. புதிய கமெராக்கள் பலவற்றில் அந்த எல்லை இல்லையென்றாலும், குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் சித்திரை, வைகாசி வெக்கையில் நீண்ட நேரம் 4கே தரத்தில் பதிந்தால் கருவி சூடேறி இடையில் அணைந்துபோகக்கூடும்.

ஆகவே 2013இல் வெளிவந்த கெனன் லெக்ரியா எச்எஃப் ஜி30 வீடியோக் கமெரா ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். அதன் 20 மடங்கு சூம் காரணமாக, சபையினரின் பார்வையை மறைக்காமல் மண்டபத்தின் பின்வரிசைக்கு அப்பால் முக்காலியை நிறுத்தியும் பேச்சாளரை மார்பளவில் காட்ட முடிகிறது. ஒளியைப் படமாக வாங்கும் அதன் உணரி (சென்சர்) சிறியது. அதனால் பேச்சாளர் ஓரிரு அடி முன்பின்னாக நகர்ந்தாலும் முகம் மங்குவதில்லை. பின்னணி மங்கலாக இருப்பதை விரும்புவோருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு இதுவே வேண்டியிருந்தது. விநாடிக்கு 24 மெகாபிட் என்ற அளவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 10.8 ஜிகாபைட் தேவைப்படுவதால், 64 ஜிகாபைட் மெமரி காட் ஒன்று அரைநாள் கருத்தரங்குக்குப் போதுமானது. காட் செருகும் இடங்கள் இரண்டு இருப்பதால் ஒரே காட்சியை இரண்டிலும் பதிந்துகொள்கிறேன்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் பழைய குழல் விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கமெராவை விநாடிக்கு 25 அல்லது 50 பிரேமில் வைத்து ஷட்டரை 1/50 விநாடியில் நிறுத்தினால், படத்தில் கீழிருந்து மேலாக ஊரும் பட்டைகள் தோன்றுவதில்லை. வெளிச்ச அளவைப் பேச்சாளரின் முகத்துக்கு ஏற்ப நிலைநிறுத்திவிடுகிறேன். அப்போது புரொஜெக்டர் திரை வெளிறிப்போகும். அதற்காக முகத்தை இருளாக்குவதைவிட, சிலைட்டுகளின் கோப்பைப் பேச்சாளரிடமே கேட்டுப் பெற்றுத் தொகுக்கும்போது சேர்ப்பது நல்லது.

மிகுதியான பணமும் கவனமும் ஒலிக்கே செலவாயின. தூரம் இரட்டிக்கும்தோறும் வாயிலிருந்து நேராக வந்துசேரும் குரல் 6 டெசிபெல் குறையும். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ள மைக்குடன் ஒப்பிட்டால், 4.8 மீற்றர் தள்ளி நிற்கும் கமெராவின் மைக்கை அதே குரல் 24 டெசிபெல் குறைவாகவே அடைகிறது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சலோ குறைவதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த சன்னல்களின் வழியே வரும் காற்றொலியும் அதனுடன் சேர்ந்துவிடும்.

பேச்சாளருக்குச் சட்டையில் செருகும் கம்பியில்லா மைக் பொருந்துகிறது. ஆனால் நம் மேடைகளில் உரைக்கு முன்போ இடையிலோ பொன்னாடை போர்த்துவார்கள். அது மைக்கை முழுவதுமாக மூடிவிடும். எனவே கௌரவிப்பு எப்போது என்று அமைப்பாளரிடம் கேட்டறிந்து, அது முடிந்த பின்பே மைக்கைச் செருகுகிறேன். சால்வை அணிபவர்களுக்குச் சால்வை உரசாத பக்கத்தைப் பார்த்துச் செருக வேண்டும்.

ஒலியைப் பதியச் சூம் நிறுவனத்தின் எச்4என் ப்ரோ என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தெரிவு செய்தேன். இரு வெளி மைக்குகளையும் அதன் சொந்த மைக் இணையையும் ஒரே நேரத்தில் நான்கு தடங்களில் அது பதியும். அதைக் கமெராவுக்கு அருகில் வைக்காமல் மேடையோரம் வைப்பதால், செல்பேசிகளின் வைஃபை நெரிசலுக்கிடையே கம்பியில்லா மைக்கின் அலை நெடுந்தூரம் செல்லத் தேவையில்லை. கருவியின் ஒலிமானியில் உச்ச ஒலி −12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வைத்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டினால், குரல் கெடாமல் மின்விசிறியின் தாழ்ந்த உறுமல் தணிகிறது. ஒலிபெருக்கி வாடகைக்காரரின் மிக்ஸரிலிருந்து இணைப்பு எடுக்கும் வழியையும் சோதித்தேன். அதன் வெளியீடு மைக்கின் அளவைவிடப் பல மடங்கு வலுவானது என்பதை, ஒலியின் வலுவைத் தணிக்கும் குறைப்பான் மூலம் சமாளிக்கலாம். ஆனால் அவர் மண்டபத்துக்காக ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்படியே பதிவில் வந்துவிடுவதால் அவ்வழியை விட்டுவிட்டேன்.

கேள்வி நேரமே கடினமானது. மேடையிலிருந்து சபையை நோக்கி நீள்குழல் மைக் ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். சீமெந்துச் சுவரும் ஓடு பதித்த தரையும் உள்ள மண்டபத்தில் எதிரொலியே மிகுந்து கேட்டது. பின்னர் ஷூர் எஸ்எம்58 என்ற கை மைக்கை நீண்ட வயரில் இணைத்தேன். 1966இலிருந்து மேடைகளில் இருந்துவரும் இந்த மைக் வாய்க்கு அருகில் உள்ள ஒலியையே முதன்மையாக வாங்குவதால், சுற்றியுள்ள இரைச்சல் பெரிதும் அடங்கிவிடுகிறது. ஆனால் மூத்தவர்கள் பலர் அதைக் கையில் வாங்குவதில்லை. “எனக்கு மைக் வேண்டாம் தம்பி, என்ர குரல் எல்லாருக்கும் கேட்கும்” என்பார்கள். மண்டபத்தில் கேட்கும் என்பது உண்மைதான், பதிவில்தான் கேட்காது. அதனால் இளைஞர் ஒருவர் அவர்களருகே நின்று, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடிக்கிறார். ஊளைச் சத்தம் வராதிருக்க இந்த மைக்கை ஒலிபெருக்கியுடன் இணைப்பதில்லை. சத்தம் வரவில்லையே என்று தட்டிப் பார்ப்பவர்கள் இருப்பதால், இது பதிவுக்கு மட்டுமே உரியது என்பதைத் தலைவர் முதலிலேயே அறிவிக்கிறார்.

இரு கருவிகளின் கடிகாரங்களும் சற்றே விலகும் என்பதால் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, முடிவில் சபையின் கரகோஷத்தையும் கொண்டு ஒலியையும் படத்தையும் பொருத்துகிறேன். வாடைக் காலத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் கருவிகளைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் பின்வரிசைக் கேள்விகளும் சொல் சொல்லாகக் கேட்கின்றன. கேள்வி கேட்பவரும் பேச்சாளரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இரு குரல்களும் வெவ்வேறு தடங்களில் இருப்பதால் பிரித்தெடுக்க முடிகிறது. சபையினர் இருவர் தமக்குள் வாதிடத் தொடங்கும்போது ஒரு கை மைக் போதவில்லை. அதற்காக இரண்டாவது மைக்கையும் சிறிய மிக்ஸர் ஒன்றையும் அடுத்த கூட்டத்தில் இணைத்துப் பார்க்கவிருக்கிறேன்.