கடை மூடும் நேரம் இல்லாத தொழில்

நாடு மாறி வந்த இரண்டாம் வருடம் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. ஒரு மடிக்கணினி, சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை, அவ்வளவுதான் முதலீடு. என் படிப்பை மதித்து இங்கே யாரும் வேலை தராதபோது எனக்கு நானே வேலை கொடுத்துக்கொண்டதில் தலை நிமிர்ந்த மாதிரி இருந்தது.

பகலில் இங்குள்ள வாடிக்கையாளர்கள். ராத்திரி இங்கே ஊர் அடங்கும்போது அங்கே பொழுது விடியும். பழைய பழக்கத்தில் அங்கிருந்தும் சிலர் வேலை அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் வருமானம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு பக்கத்துப் பகலிலும் நான் விழித்திருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு, வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல நா எழாது. இவர் போனால் அடுத்தவர் எப்போது வருவாரோ என்ற பயம். அவசரத்துக்குக் கைகொடுக்கப் பக்கத்தில் சொந்தபந்தம் இல்லை என்ற நினைப்பு வேறு.

மூன்றாம் வருடம் ஓர் இரவு. ஒருவருடைய வங்கிப் பட்டியலுக்கும் நான் எழுதிய கணக்குக்கும் 90 இடித்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாலபாடம் உண்டு: வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயாவது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்தது. அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டு மணி நேரம் அதே பட்டியலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது, 540 என்பதை 450 என்று எழுதியிருந்தேன்.

தவறைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர்தான் இந்த நாட்டில் என்னை நம்பி முதல் வேலை கொடுத்தவர். அவர் பெயர் போனில் வந்ததும் எனக்கு எரிச்சல் மூண்டது. எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த வாரம் அம்மா, "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "தூக்கம் சரியில்லம்மா" என்று பேச்சை மாற்றினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஊக்கம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊக்கம் தரும் பேச்சுகளைத் தேடிக் கேட்டேன். கேட்ட வேகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன். அப்புறம்தான் 'பர்ன் அவுட்' பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட விளக்கத்தைப் படித்தேன். அது நோய் இல்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தம் நீடிப்பதால் வரும் நிலை என்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலை மீது விலகலோ கசப்போ வருவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. என் தூக்கமின்மைச் சோர்வு, கவிழ்த்து வைத்த போன், அந்த 90, மூன்றும் அதில் இருந்தன. நானாக முடிவு கட்டாமல் மருத்துவரையும் பார்த்தேன். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, மனச்சோர்வு நோய் எல்லாம்கூட இப்படிக் களைப்பாகவே தெரியும் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் மாற்றிய முதல் விஷயம் நேரம். மாலை ஆறரைக்குக் கடை மூடுவது. அங்கிருந்து வேலை அனுப்புகிறவர்களிடம், பதில் மறுநாள்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் விலகினார், மற்றவர்கள் "சரி" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை ராத்திரி விழித்திருந்தேன் என்று அழுகை வந்தது.

மூடினாலும் மனசு மூடவில்லை, அதுதான் கஷ்டம். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவியது. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டம் போட்டுவிட்டாலே அந்த அரிப்பு குறைகிறது என்று கண்டார்கள். எனவே தினமும் மூடும் முன் ஒரு நோட்டில் மீதியிருப்பதை எழுதுகிறேன். 'வரி வேலை பாக்கி' என்று எழுதினால் பலிப்பதில்லை. 'காலை ஒன்பதுக்கு மார்ச் மாத ரசீதுகளைச் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினால்தான் மனசு விடுகிறது.

பணப் பயத்துக்கு ஒரு வழி செய்தேன். வருமானமெல்லாம் தொழில் கணக்கில் சேரும். அதிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையை எனக்குச் சம்பளமாக எடுக்கிறேன். ஊருக்கெல்லாம் கணக்கு பார்த்தவள் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ஓர் அக்கா. தையல் தொழில் செய்கிறார், என்னைப் போலவே தனி ஆள். ஒருநாள் அவருடைய வரிக் கணக்கை முடித்துக் கொடுத்தபோது, "உனக்கு யாரும்மா கணக்கு பாக்கிறது?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை இருவரும் நடக்கப் போகிறோம். அந்த வாரம் எது கனத்தது என்று மட்டும் பேசுவோம். ஊக்கம் நிலைக்க சுதந்திரம், திறமை, உறவு மூன்றும் வேண்டும் என்கிறார்கள் டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள். முதல் இரண்டுக்காகத்தான் தொழிலே தொடங்கினேன். மூன்றாவதைக் கடல் தாண்டும்போது விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வரி தாக்கல் மாதத்தில் ஆறரை இன்னமும் தாண்டிவிடுகிறது. அதனால் அந்த மாதம் தொடங்கும் முன்பே, அது முடிந்து வரும் நான்கு நாட்களை நாட்காட்டியில் அடைத்துவிடுகிறேன். இந்த வருடம் அந்தக் கட்டங்களில் அக்காவே தன் துணியில் குறியிடும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.